தண்ணி கேக்காத பூங்கொடி – அடும்பு



போன மாத சுவர் இதழில் பத்தாம் வகுப்பு அக்கா மழைநீர் சேகரிப்பு பற்றி எழுதியிருந்தாங்க. நான் மழையே இல்லாத மாசத்துல பூக்கிற ஒரு கொடி பற்றி எழுதுகிறேன். அதை நாம எல்லாரும் தினமும் பார்க்கிறோம். மிதிச்சிட்டும் போறோம். ஆனா தோட்டத்தில் வைக்கிற செடியாக யாரும் அதை நினைக்கிறதில்லை. அதுதான் அடும்பு.

இது என்ன கொடி?

கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து சாமியார்பேட்டை, பரங்கிப்பேட்டை, கிள்ளை வரை கடற்கரை மணலில் படர்ந்து கிடக்கும் கொடி இது. நம்ம பக்கம் அடப்பங்கொடி என்பார்கள். அடம்பங்கொடி, ஆட்டுக்கால் கொடி என்றும் பெயர் உண்டு. இலையைப் பாருங்கள். நுனியில் இரண்டாகப் பிளந்து ஆட்டுக் குளம்பு மாதிரியே இருக்கும். தாவரவியல் பெயர் ஐப்போமியா பெஸ்-காப்ரே. ‘பெஸ்-காப்ரே’ என்றால் லத்தீன் மொழியில் ஆட்டின் கால் என்று அர்த்தமாம். நம்ம ஊர் ஆயாவும் அந்தக் காலத்து வெளிநாட்டு விஞ்ஞானியும் ஒரே மாதிரி யோசிச்சிருக்காங்க! 1753-ல் லின்னேயஸ் இதற்கு இந்த ஆட்டுக்கால் பெயரை வைத்தார்.

பூ புனல் மாதிரி இருக்கும். இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த நிறம். உள்ளே தொண்டைப் பக்கம் நிறம் அடர்த்தியாக இருக்கும். விடியும்போது மலரும். மத்தியானம் தாண்டினால் வாடிவிடும். ஒரு பூவுக்கு ஒரு நாள்தான் ஆயுசு. ஆனால் தினமும் புதுப் பூ வந்துகொண்டே இருக்கும். காலையில் போய்ப் பார்த்தால் தேனீயும் கருவண்டும் உள்ளே நுழைந்து நுழைந்து வரும்.

சர்க்கரைவள்ளிக் கிழங்கும் அடும்பும் ஒரே பேரினம், அதாவது பங்காளி முறை. அதுக்காக அடும்பு இலையைப் பறிச்சுத் தின்னக் கூடாது. அதில் பால் வடியும். சொறிமீன் பட்ட இடத்தில் இந்த இலையை அரைத்துப் பூசுவது பல நாட்டு மீனவர்களிடம் உள்ள பழக்கம். என்றாலும் கடிபட்டால் முதலில் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

பழைய பாட்டில் இருக்கும் பூ

தமிழ் ஐயா நெய்தல் திணை நடத்தும்போது அடும்பு என்று சொன்னார். அப்போது எங்களில் பாதிப் பேருக்கு அது எந்தப் பூ என்று தெரியவில்லை. அது நம்ம அடப்பங்கொடிதான் என்று ஐயா சொன்னதும் வகுப்பே சிரித்தது. குறுந்தொகையில் அடும்பின் பிளவுபட்ட இலையை மானின் காலடிக்கு ஒப்பிட்டிருக்கிறார்கள். கடற்கரையில் மணல் பாவை செய்து விளையாடும் பெண்கள் இந்தப் பூவைப் பறித்தார்கள். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் சொல்லும் பூக்களின் பட்டியலிலும் அடும்பு இருக்கிறது. ஆகவே இது நேற்று வந்த செடி இல்லை. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே நம்ம கடற்கரையில் இருந்த செடி.

வெயிலை எப்படித் தாங்குது?

நம்ம மாவட்டத்தில் மழையில் பெரும் பகுதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்கிறது. தை மாதத்துக்கு அப்புறம் வானம் காய்ந்துவிடும். அக்னி நட்சத்திரத்தில் மணலில் செருப்பில்லாமல் நிற்க முடியாது. அந்த மணலிலேயே படுத்துக்கொண்டு அடும்பு பூக்கிறது. அதற்குக் காரணங்கள் உண்டு.

1. இலை தடிப்பாக இருக்கும். மேலே மெழுகு பூசியது போல வழவழப்பாக இருக்கும். அதனால் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகாது.

2. வெயில் உச்சியில் இருக்கும்போது இலையின் இரண்டு பாதியும் நோட்டுப் புத்தகத்தை மூடுவது மாதிரி மேல் நோக்கி மடங்கும். அப்போது இலையில் நேர் வெயில் படுவது குறையும்.

3. ஆணிவேர் ஆழமாக இறங்கும். மேல் மணல் சுட்டாலும் அடி மணல் ஈரமாகத்தான் இருக்கும். கை விட்டுத் தோண்டிப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

4. கொடி போகிற வழியெல்லாம் கணுவுக்குக் கணு வேர் விடும். ஒரு இடத்தில் கொடி அறுந்தாலும் மற்ற இடத்து வேர் அதைக் காப்பாற்றும்.

5. உப்பைத் தாங்கும். கடல் தண்ணீர் தெறித்தாலும் கருகாது.

மணலை எப்படிப் பிடிக்குது?

காற்று அடிக்கும்போது மணல் துகள் புகை மாதிரி மேலே போவது இல்லை. பெரும்பாலான மணல் தரையை ஒட்டித் தத்தித் தத்தித்தான் போகும். ஒரு துகள் குதித்து விழும்போது அது இடிக்கிற துகளும் குதிக்கும். இப்படியே தவளைப் பாய்ச்சல் மாதிரி நகரும்.

அந்த வழியில் அடும்பு இலை நின்றால் தரையை ஒட்டி வரும் காற்றின் வேகம் குறைகிறது. வேகம் குறைந்தால் மணலைத் தூக்க முடியாது. அதனால் மணல் அங்கேயே விழுகிறது. விழுந்த மணல் கொடியை மூடும். கொடி சாகாது. மறுபடி மேலே எட்டிப் பார்க்கும். புது மணலிலும் கணு வேர் விடும். மறுபடி மணல் விழும், மறுபடி கொடி ஏறும். இப்படித்தான் சாண் உயரம் முழ உயரமாகி மணல் மேடு உண்டாகிறது. மண்வெட்டி இல்லாமல், கூலி வாங்காமல் மேடு கட்டுகிற வேலை இது.

இதே வேலையை ராவணன் மீசை என்ற புல்லும் செய்கிறது. ஆனால் அது ஊசி மாதிரி குத்தும். பிள்ளைகள் ஓடுகிற இடத்துக்கு அது ஆகாது.

சுனாமியும் மணல் மேடும்

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது நம்ம மாவட்டம் பட்ட பாடு எல்லார் வீட்டிலும் தெரியும். நான் அப்போது பிறக்கவில்லை. அம்மாவும் ஆயாவும் சொல்லித்தான் தெரியும். அதற்கு அடுத்த வருஷம், 2005-ல், பரங்கிப்பேட்டையில் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்தவர்கள் இந்தக் கடற்கரையில் 18 குடியிருப்புகளைப் பற்றி ஆராய்ந்து எழுதினார்கள். கரையோரத்தில் அலையாத்தி முதலான தாவரங்கள் அதிகமாக இருந்த இடத்திலும், வீடுகள் கடலை விட்டுத் தள்ளியும் மேட்டிலும் இருந்த இடத்திலும் இழப்பு குறைவு என்று சொன்னார்கள். 2006-ல் வேறு விஞ்ஞானிகள் அதே கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தார்கள். முக்கியமான காரணம் தாவரம் இல்லை, இடத்தின் உயரமும் கடலிலிருந்து உள்ள தூரமும்தான் என்று மறுத்தார்கள்.

இரண்டு பேர் சண்டை போட்ட மாதிரி தெரிந்தாலும் இதில் எனக்கு ஒன்று புரிந்தது. மேடு காப்பாற்றும் என்பதை இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்கிறது. நம்ம கடற்கரையில் அந்த மேட்டைக் கலைய விடாமல் பிடித்து வைப்பது எது? அடும்பும் ராவணன் மீசையும்தானே! அடும்பு சுனாமியை நிறுத்தாது. அப்படி யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மேட்டைக் காக்கிறது, அவ்வளவுதான். அதுவே பெரிய வேலை.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்தபோது பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. உயரமாக இருப்பது காற்றோடு மோதும். தரையோடு படுத்திருப்பதன் மேல் காற்று தாண்டிப் போய்விடும். புயல் ஊரில் தோட்டம் போடும்போது இதையும் யோசிக்க வேண்டும்.

நடுவது எப்படி?

நம்ம பள்ளிக்கூடத்தில் சத்துணவுக் கூடத்துக்குக் கிழக்கே வேலி ஓரம் நாங்கள் நட்டதை வைத்துச் சொல்கிறேன்.

எப்போது: முதல் மழை விழுந்த பிறகு, ஐப்பசியில். அப்போது நட்டால் தண்ணீர் ஊற்றும் வேலை ரொம்பக் குறைவு.

தண்டு எடுப்பது: ஓடுகிற கொடியின் நுனியிலிருந்து ஒரு முழம் நீளம் வெட்ட வேண்டும். அதில் மூன்று நாலு கணு இருக்க வேண்டும். கடலைப் பார்த்த மணல் மேட்டில் உள்ள கொடியைத் தொடவே கூடாது. வேரோடு பிடுங்கவும் கூடாது. ஊருக்குள் பாதை ஓரம் நீண்டு வந்த நுனிகளே போதும். நாங்கள் 20 துண்டு நட்டோம், 17 பிடித்தது.

ஊன்றுவது: இரண்டு கணு மண்ணுக்குள், மீதி வெளியே. படுக்கை வாட்டில் வைத்து மணலை அழுத்தி விட வேண்டும். ஒரு துண்டுக்கும் அடுத்ததுக்கும் இரண்டு அடி இடைவெளி.

தண்ணீர்: மழை இல்லாவிட்டால் வேர் பிடிக்கும் வரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு சொம்பு. அதற்கப்புறம் வேண்டாம். உரமும் வேண்டாம்.

விதையில் வளர்ப்பது: காய் உருண்டையாக இருக்கும். காய்ந்து வெடித்தால் உள்ளே பொதுவாக நாலு விதை. விதை மேலே வெல்வெட்டு மாதிரி முடி. ஓடு ரொம்பக் கெட்டி. அப்படியே போட்டால் முளைக்க நாளாகும். உப்புத்தாளில் ஒரு பக்கம் மட்டும் லேசாகத் தேய்த்து ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப் போட்டு நட வேண்டும்.

உங்களுக்குத் தெரியுமா? அடும்பு விதை கடலில் மாதக்கணக்கில் மிதந்து போனாலும் சாகாது. அதனால்தான் இலங்கை, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா என்று வெப்ப நாட்டுக் கடற்கரை எல்லாவற்றிலும் இந்தக் கொடி இருக்கிறது. பாஸ்போர்ட் இல்லாமல் உலகம் சுற்றிய விதை!

பராமரிப்பு: இது நல்லா ஓடும். 10 மீட்டருக்கு மேலேயும் போகும். ஆகவே கீரைப் பாத்தி, ரோஜாச் செடி பக்கத்தில் வைக்காதீர்கள். மாதம் ஒரு முறை ஓரத்தை அரிவாளால் வெட்டி விட வேண்டும். வெட்டிய நுனியை வேறு இடத்தில் நடலாம். நிழல் ஆகாது. முழு வெயில் வேண்டும்.

எல்லா இடத்துக்கும் அடும்பு சரிப்படாது

இதைப் படிக்கிற உறவுக்காரப் பிள்ளைகள் சிதம்பரம், பண்ருட்டி பக்கமும் இருப்பார்கள். அவர்களுக்காக இது.

கடலோர மணல் என்றால் அடும்பு.

சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கம் களிமண். மழையில் தண்ணீர் நிற்கும், கோடையில் வெடிக்கும். அங்கே அடும்பு அழுகும். அங்கே பொடுதலை வைக்கலாம். வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் தானாகவே வளர்கிற செடி அது. ஈரத்தையும் தாங்கும், காய்ச்சலையும் தாங்கும். சின்னச் சின்ன வெள்ளை, ஊதாப் பூ. பட்டாம்பூச்சி தேடி வரும். அதன் மேல் நடக்கவும் செய்யலாம். வெளிநாடுகளில் புல்தரைக்குப் பதிலாகவே இதை வளர்க்கிறார்கள். நம்ம வீட்டில் துவையல் அரைக்கிறோம்!

பண்ருட்டி பக்கம் செம்மண் மேடு. அங்கே விஷ்ணுகிராந்தி. பொத்தான் அளவு நீலப் பூ, தரையோடு தரையாகப் படரும். இதுவும் அடும்புக் குடும்பம்தான்.

ஆக, மண்ணைப் பார்த்துச் செடி, செடியைப் பார்த்து மண் இல்லை.

சொந்தச் செடி, வந்த செடி

இங்கே ஒரு வேடிக்கை. நெய்வேலிக் காட்டாமணக்கு என்று குளம் குட்டை எல்லாம் அடைத்துக்கொண்டு நிற்கிறதே, அதுவும் ஐப்போமியாதான், அடும்புக்குப் பங்காளி. பூவும் கிட்டத்தட்ட அதே மாதிரி. பேரில் நம்ம மாவட்டத்து ஊர் இருக்கிறது. ஆனால் அது அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து வந்த செடி. ஆடு தொடர்ந்து தின்றால் விஷம். பேரை வைத்துச் சொந்தம் என்று நினைக்கக் கூடாது.

அதே போல மஞ்சள் பூப்பூக்கும் வெடீலியா என்ற தரைச் செடியை நர்சரியில் விற்கிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் உலகத்தின் மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பட்டியலில் அது இருக்கிறது. காசு கொடுத்து அதை வாங்கி, காசில்லாமல் கிடைக்கும் அடும்பைக் கொத்தி எறிவது நியாயமா?

நம்ம பள்ளிக்கூடத்து மண்ணு

இப்போது நான் இதை ஏன் எழுதினேன் என்று சொல்கிறேன். மத்தியானம் ஆனால் நிலம் சூடாகி கடல்காத்து கிளம்பும். சரியாக நாம தட்டை எடுத்துக்கொண்டு உட்காரும் நேரம். சோத்தில் மணல் விழும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைங்க பல்லுல மணல் நறநறன்னு கடிச்சி, துப்பிட்டு, பாதிச் சோத்தை அப்படியே வச்சிடுதுங்க. அடும்பு நட்ட பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு இந்த வருஷம் அந்தத் தொல்லை குறைந்திருக்கிறது.

வருகிற பள்ளி மேலாண்மைக் குழு கூட்டத்தில் அந்த இடத்தைச் சுத்தம் செய்து சிமெண்டுத் தளம் போடலாமா என்று பேசப் போகிறார்கள். பெரியவங்க சொல்ற காரணம், கொடிக்குள்ள பாம்பு வந்து படுக்கும் என்பது. அது பொய்யான பயம் இல்லை. அடர்ந்து கிடந்தால் எலி வரும், எலி பின்னால் பாம்பு வரும். அதனால் நான் பணிவோடு கேட்பது இதுதான். சத்துணவுக் கூடத்துச் சுவரை ஒட்டி நாலு அடி அகலம் வெறும் பாதையாக விட்டுவிடலாம். கொடியை மாதம் ஒரு முறை நாங்களே, அறிவியல் மன்றப் பிள்ளைகள், ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது வெட்டிக் கட்டுக்குள் வைக்கிறோம். சோற்றுப் பருக்கை அங்கே விழாமல் பார்த்துக்கொள்கிறோம், எலி வராது. சின்னப் பிள்ளைகளைச் செருப்பில்லாமல் கொடிக்குள் போக விட மாட்டோம்.

சிமெண்டு போட்டால் அந்த இடத்தில் மணல் பறக்காது, உண்மைதான். ஆனால் வேலிக்கு அந்தப் பக்கத்து மணல் தடையில்லாமல் அதன் மேலேயே ஓடி வரும், பிடித்து வைக்க ஒரு இலை கூட இருக்காது. கோடையில் தளம் கொதிக்கும். இன்னொன்றும் இருக்கிறது. கடலோரத்தில் நிலத்துக்கு அடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதக்கிற மாதிரிதான் இருக்கும். நல்ல தண்ணீர் எடை குறைவு. மழை மணலில் இறங்கினால்தான் அந்த நல்ல தண்ணீர் நிற்கும். நம்ம அடிபம்புக்குப் பக்கத்து மணலை மூடிவிட்டால் மழை ஓடிப்போகும், பம்பு தண்ணி கரிக்க ஆரம்பிக்கும். அப்புறம் குடிக்கிறதுக்கு எங்க போறது?

செய்து பார்

நான் சொல்வதை நம்ப வேண்டாம். கூட்டத்துக்கு முன்னாடி யார் வேண்டுமானாலும் இதைச் செய்யலாம். ஒரே மாதிரி இரண்டு எவர்சில்வர் தட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை வேலி ஓரம் வெறும் மணலுக்கு மேற்கே வையுங்கள். இன்னொன்றை அடும்புக்கு மேற்கே வையுங்கள். இரண்டும் வேலியிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கணும். தட்டின் விளிம்பு தரையோடு சமமாக இருக்கும்படி புதையுங்கள். கடல்காத்து அடிக்கும்போது ஒரு மணி நேரம் விட்டுவிட்டு, இரண்டிலும் விழுந்த மணலைத் தனித்தனியாகத் தராசில் நிறுத்துப் பாருங்கள். நாங்கள் மூன்று நாள் வைத்தோம். வெறும் மணல் பக்கத் தட்டில் மூன்று நாளும் அடி தெரியாமல் மணல் மூடியது. அடும்புப் பக்கத் தட்டில் அடி தெரிந்தது. ஒரே நாள் செய்து முடிவு சொல்லக் கூடாது. காற்று தினம் ஒரு மாதிரி இருக்கும். மூன்று நாளாவது செய்ய வேண்டும்.

அடம்பங்கொடியும் திரண்டால் மிடுக்கு என்று பழமொழி உண்டு. ஒற்றைக் கொடியைச் சின்னப் பிள்ளை கூட அறுத்துவிடும். பல கொடி சேர்ந்தால் காற்றே நின்று கேட்கும். ஆகவே கூட்டத்துக்கு முன்னாடி ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் இரண்டு பேர் வந்து அந்த இடத்தைப் பாருங்கள். காலை மணி அடிப்பதற்கு முன்னால் வந்தால் பூ விரிந்திருக்கும். பார்த்துவிட்டு உங்க கருத்தை, வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும், ஒரு தாளில் எழுதி அறிவியல் டீச்சரிடம் கொடுங்கள்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
அறிவியல் மன்றம்